இரண்டு அம்பிகாபதிகள்: பாகவதரும் டி.எம்.எஸ்ஸும்

2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம். அயர்ன் மெய்டன் மேடைக்கு வருவதற்கு முன்னால் டெல்லியின் பரிக்ரமா குழு வாசித்தது. எனக்கு மெட்டல் இசை அவ்வளவாகப் பிடிபடாது. டீமில் எல்லாரும் கிளம்பினார்கள், நானும் போனேன். பக்கத்தில் நின்ற நண்பன் கேட்டான்: "ஸ்கூல் படிக்கும்போது சுவத்துல போஸ்டர் ஒட்டி வச்சிருந்த பேண்டுக்கு முன்னாடி, அதே மேடையில நின்னு வாசிச்சா எப்படிடா இருக்கும்?"

அடுத்த வாரம் ஊருக்கு வந்தேன். விடிகாலை ஐந்து மணி, மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் டி.எம்.எஸ். பாடிக்கொண்டிருக்கிறார். நண்பனின் கேள்வி அப்போது வேறு மாதிரி திரும்பி வந்தது. நம்ம ஊர்ல, நம்ம பாட்டுல, இப்படி யாருக்காவது நடந்திருக்கா? அப்புறம் அதை மறந்துவிட்டேன். போன வருஷம்தான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். பதில் அந்த டீக்கடை ஸ்பீக்கரிலேயே இருந்திருக்கிறது.

1937-க்குப் போவோம். அந்த ஒரே வருஷத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு இரண்டு பெரிய படங்கள், 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும். 'சிந்தாமணி'யைத் தயாரித்தது மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள். அதில் வந்த லாபத்தில்தான் மதுரையில் சிந்தாமணி தியேட்டரையே கட்டினார்கள். எங்கள் தலைமுறைக்கு அது ஒரு தியேட்டர் பெயர், அவ்வளவுதான். ஒரு படம் ஓடிய ஓட்டத்தின் நினைவுச்சின்னம் அது என்று எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையனுக்கு 15 வயது. 1922 மார்ச்சில் பிறந்த சௌந்தரராஜன். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம்; ஆனால் தமிழ் உச்சரிப்புக்கு இன்றைக்கும் நாம் உதாரணம் காட்டுவது அவரைத்தான். பையனுக்குப் பாகவதர் என்றால் உயிர். அவர் பாட்டை அவர் குரலிலேயே பாடுவதுதான் அவனுக்கு ஊரில் கிடைத்த முதல் அடையாளம்.

பாகவதர் குரல் ஏன் அப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும். அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்றால் சுருதியை ஏற்றித்தான் பாடியாக வேண்டும். நாடகக்காரர்கள் உச்சத்தில் பாடியதற்கு ரசனை ஒரு காரணம், கொட்டகையின் நீளம் இன்னொரு காரணம். சினிமா பேச ஆரம்பித்த பிறகும் முதல் சில வருஷங்கள் கேமரா முன்னால் நின்று நடிகரே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடத் தெரியாதவர் ஹீரோவாக முடியாது. சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், முகமும் குரலும் ஒரே மாட்யூல், தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை.

1938-இல் ஏ.வி.எம்.மின் 'நந்தகுமார்' அந்த இரண்டையும் பிரித்தது. தமிழில் பின்னணிக் குரல் அந்தப் படத்தில்தான் வந்தது என்பார்கள். உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-இல் வெளியே வந்தபோது உலகம் வேறாக இருந்தது. அதற்குப் பிறகு நடித்த படங்கள் எதுவும் பழைய இடத்தை மீட்டுத் தரவில்லை.

சௌந்தரராஜனுக்குச் சினிமாவில் முதல் வாய்ப்பு 'கிருஷ்ண விஜயம்' (1950). வாய்ப்பு கிடைத்ததே பாகவதர் மாதிரிப் பாடியதால்தான். படத்தின் இயக்குநர் சுந்தர் ராவ் நட்கர்னி. 'ஹரிதாஸ்' எடுத்த அதே மனிதர்! இதைப் படித்தபோது நான் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன். பாகவதரின் உச்சத்தைப் படமாக்கிய ஒருவர், பாகவதரின் சாயலில் ஒரு மதுரைப் பையன் பாடும்போது எதைக் கேட்டிருப்பார்?

சாயல் கதவைத் திறக்கும். உள்ளே போய் உட்கார அது போதாது. பாகவதர் மாதிரிப் பாடுகிறவருக்கு 1950-களில் ஒரு சிக்கல்: அந்தக் குரலுக்குப் பொருந்தும் முகம் பாகவதர் முகம் மட்டும்தான். 1954-இல் 'தூக்கு தூக்கி'க்கு ஆள் தேடியபோது சிவாஜிக்கு ஏற்கனவே 'பராசக்தி'யில் சி.எஸ்.ஜெயராமன் குரல் ஒட்டியிருந்தது. டி.எம்.எஸ். சிவாஜி பேசுவதைக் கவனித்து, அந்தப் பேச்சிலிருந்து பாட்டுக்குக் குரலைப் பிடித்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, படத்தைக் கேட்டால் விஷயம் புரிகிறது: குரல் கீழே இறங்கியிருக்கிறது, கனத்திருக்கிறது. மைக் வந்துவிட்ட காலத்தில் கடைசி வரிசைக்காக யாரும் கத்த வேண்டியதில்லை. அதே வருஷம் 'மலைக்கள்ளன்', எம்.ஜி.ஆருக்கு. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு முகங்கள்.

'தூக்கு தூக்கி'க்கு இசை ஜி.ராமநாதன். 'சிவகவி', 'ஹரிதாஸ்' என்று பாகவதரின் பெரிய படங்களிலும் அவர் இருந்திருக்கிறார். இந்தக் கதையில் இரண்டு கரைகளிலும் நின்ற மனிதர் அவர். பழைய குரலையும் தெரியும், புதிய குரலையும் தெரியும்.

இப்போது 1957. 'அம்பிகாபதி'யை மறுபடி எடுக்கிறார்கள். சிவாஜிதான் அம்பிகாபதி, இசை ஜி.ராமநாதன், குரல் டி.எம்.எஸ். 15 வயதில் தன்னை ஆட்டிவைத்த மனிதர் பாடி நடித்த பாத்திரத்துக்கு, 35 வயதில் இவர் பாடுகிறார்.

இதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத தகவல் வேறு ஒன்று. அந்தப் படத்தில் அம்பிகாபதியின் தகப்பனார் கம்பராக நடிக்க முதலில் பாகவதரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார்; எம்.கே.ராதா நடித்தார். பாகவதர் சம்மதித்திருந்தால் ஒரே ஃபிரேமில், கம்பராக வயதான பாகவதர் நிற்க, எதிரே மகனின் வாயிலிருந்து டி.எம்.எஸ். குரல் வந்திருக்கும். முன்னால் பாடிவிட்டு மேடையைத் தலைவருக்குக் கொடுத்துவிட்டு இறங்குவது பெங்களூரில் நான் பார்த்தது. இங்கே நடக்கவிருந்தது அதன் தலைகீழ். தலைவர் மேடையில் இருக்கும்போதே அவருடைய இடத்தில் நின்று பாடுவது. ரசிகனுக்கு அது சந்தோஷமா, சங்கடமா? பாகவதர் மறுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். அந்த வருஷமே அவர் தானே இயக்கி நடித்த 'புது வாழ்வு' வந்தது. 1959 நவம்பர் 1 அன்று காலமானார்.

இதையெல்லாம் நான் தோண்டியதற்கு வீட்டுக் காரணமும் ஒன்று உண்டு. என் சித்தப்பா மேலூர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடியவர். பங்குனி, சித்திரை வந்தால் வீட்டில் தங்கமாட்டார். கச்சேரி தொடங்கும்போது பாடும் பக்திப் பாட்டு அவருடையது, டி.எம்.எஸ். குரலில், அச்சு அசலாக. அதற்கப்புறம் முக்கியப் பாடகர்கள் வருவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் சொந்தப் பெயர் தெரியாது, 'டி.எம்.எஸ்.' என்றால்தான் தெரியும். குழுக்கள் புதுப்பாட்டுக்கு மாறியதும் கூப்பிடுவது நின்றுபோனது. வேறு குரலில் பாடிப் பார்த்ததே இல்லையா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "யாருடா கேட்டா?" என்றார்.

டி.எம்.எஸ்ஸிடம் கேட்க ஒரு ராமநாதன் இருந்தார், பாகவதர் குரல் பொருந்தாத ஒரு சிவாஜி இருந்தார். திறமையை விட இந்தக் கட்டாயம்தான் அவரை நகலிலிருந்து வெளியே தள்ளியது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், சங்கீதம் தெரிந்தவர்கள் திட்டலாம்.

2023-இல் மதுரை முனிச்சாலையில் டி.எம்.எஸ்ஸுக்குச் சிலை வைத்தார்கள். சித்தப்பாவை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். திரும்பும்போது ஃபோனில் 1937 அம்பிகாபதிப் பாட்டு ஒன்றையும் 1957 பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டேன். முதல் பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது ஆரம்பித்ததும் தொடையில் தாளம் போட்டார்.

"பாகவதர் சுருதியில நான் பாடினா தொண்டை கிழிஞ்சிரும்டா," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவருக்கும் கிழிஞ்சிருக்கும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.