ஜல்லிக்கு மேல் ஒரு பூச்சு

பிளாஸ்டிக் சாலை என்றதும், ஜல்லிக்குப் பதிலாகக் குப்பையைக் கொட்டித் தார் ஊற்றுகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காரணம்பேட்டை கிரஷரில் உடைபட்டு வரும் அதே கருங்கல் ஜல்லிதான் இங்கேயும். அதன்மேல் பிளாஸ்டிக் ஒரு மெல்லிய படலமாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

தார்ச்சாலைக்குப் பெரிய எதிரி தண்ணீர். ஐப்பசி மழை ஓய்ந்ததும் கோவைத் தெருக்களில் குழிகளைப் பார்க்கிறோமே, அங்கெல்லாம் கல்லுக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்து ஒட்டுதலைப் பிரித்திருக்கும். கல்லின் நுண்துளைகளைப் பிளாஸ்டிக் மூடிவிட்டால் நீருக்கு வழியில்லை. தாரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலிய வழிவந்தவை என்பதால் ஒன்றையொன்று இறுகப் பற்றும்.

இதைக் கண்டறிந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சாலை போடுவதற்குப் புது இயந்திரம் எதுவும் கேட்காத முறை என்பதுதான் இதன் பெரிய பலம்.

தார்க்கலவை தயாரிக்கும் ஹாட்மிக்ஸ் பிளாண்டில் ஜல்லியை ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அரிசிமணி அளவுக்குத் துருவிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் நிறக் கல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். பிறகே தார் சேர்ப்பார்கள். ஒரு வழி அகலச் சாலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் தார் வேண்டும். அதில் ஒரு டன் வரை பிளாஸ்டிக்கால் மிச்சமாகும்.

சூட்டில் கவனம் தேவை. 270 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் சிதைந்து நச்சு வாயு கிளம்பும். பிவிசி வகை பிளாஸ்டிக்கோ அதற்கு முன்பே ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். திருமணத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் நாம் கட்டும் பிளக்ஸ் பேனர் பிவிசிதான். அது ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது.

சரியான பிளாஸ்டிக்கை எங்கே தேடுவது? கோவையின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் ஈரமும் மண்ணுமாய்க் கலந்து கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, கழுவி, உலர்த்துவது பெரும்பாடு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விழும் பாலித்தீன் கவர்களோ பெரும்பாலும் ஒரே வகை, சுத்தமானவை, உலர்ந்தவை. அவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றாமல், கம்பெனி வாசலிலிருந்தே துருவும் இயந்திரத்துக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். கொங்கு நாட்டுச் சாலைகளுக்கு முதலில் தேட வேண்டிய மூலப்பொருள் அதுதான்.