கனெக்டர் பொருந்திவிட்டது, அப்புறம்? – ஹாம் ரேடியோவும் சீரியல் கேபிளும்

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ரேடியோவைப் பாதி சாகடித்தேன். பாதி என்றால், ரேடியோ பேசும், கேட்கும். கணினியிலிருந்து அலைவரிசையை மாற்றச் சொன்னால் மட்டும் அசையாது. காரணம், நானே உட்கார்ந்து சால்டர் செய்த கேபிள். ஒரு முனையில் 9 பின் கனெக்டர், மறுமுனையில் 8 பின் வட்டக் கனெக்டர், நடுவில் மூன்று கம்பி. மேனுவலைப் பார்த்துப் பின் எண்களைச் சரியாகத்தான் இணைத்தேன். இரண்டு பக்கமும் "சீரியல்" தான். இருந்தும் ரேடியோவின் அந்த போர்ட் போய்விட்டது.

எனக்கு அப்போது புரியாத விஷயம் இதுதான். "சீரியல்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கனெக்டரின் வடிவம் என்ன? எத்தனை வோல்ட்? யார் அனுப்புகிறார், யார் கேட்கிறார்? எந்தப் பின்னில் எது? ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் தெரிந்ததாக ஆகாது.

வடிவம்

நாம் எல்லோரும் டிபி-9 என்று சொல்லும் கனெக்டரின் சரியான பெயர் டிஇ-9. 1952-இல் கேனன் கம்பெனி டி வடிவக் கனெக்டர்களை வெளியிட்டபோது, கூட்டின் அளவுக்கு ஏ முதல் இ வரை எழுத்து கொடுத்தது. 25 பின் கனெக்டரின் கூடு பி அளவு, 9 பின்னுக்கு இ. பழைய டிபி-25 பழகிய வாய்க்கு டிபி-9 என்று வந்துவிட்டது. பெயர் தப்பாக இருந்தால் ஒன்றும் புகையாது, விட்டுவிடலாம்.

வடிவத்தை நம்புவதுதான் ஆபத்து. ஐகாம் ரேடியோக்களின் சிஐ-வி போர்ட், பார்த்தால் இயர்போன் குத்துகிற 3.5 மி.மீ. ஜாக். யேசு எஃப்டி-817, எஃப்டி-857 ரேடியோக்களின் டேட்டா சாக்கெட், பழைய பிஎஸ்/2 கீபோர்டின் அதே 6 பின் வடிவம். "அட, வீட்டில் பழைய கீபோர்ட் கிடக்கிறதே" என்று கேபிளை வெட்டினால், பெரும்பாலும் உள்ளே நாலு கம்பிதான் இருக்கும். ரேடியோவுக்கு கிரவுண்ட் 2-ஆம் பின்னில் வேண்டும். கீபோர்டுக்கு அந்தப் பின் தேவையே இல்லை.

வோல்ட்

நான் ரேடியோவைக் கெடுத்தது இங்கேதான். ஆர்எஸ்-232 என்பது 1960-இல், கணினியையும் மோடத்தையும் இணைக்க அமெரிக்காவில் வந்த தரம். அதில் 0 என்றால் பிளஸ் 3 முதல் 15 வோல்ட். 1 என்றால் மைனஸ் 3 முதல் 15 வோல்ட். சும்மா இருக்கும்போதும் கம்பியில் மைனஸ் வோல்ட் இருக்கும்.

ஆனால் எஃப்டி-817-இன் கேட் போர்ட்டும், ஐகாமின் சிஐ-வியும் டிடிஎல் ரகம். அங்கே 0 என்றால் பூஜ்ய வோல்ட், 1 என்றால் 5 வோல்ட். சும்மா இருக்கும்போது 5 வோல்ட். அளவும் வேறு, திசையும் தலைகீழ். பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவில் வாழப் பழகிய சிப்புக்குள் மைனஸ் 12 வோல்ட்டைச் செலுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு என் ரேடியோவே சாட்சி.

யேசுவின் சிடி-62 கேபிளும் ஐகாமின் சிடி-17 பெட்டியும் வெறும் கம்பி அல்ல. உள்ளே வோல்ட்டை மாற்றும் சர்க்யூட் இருக்கிறது. வீட்டில் செய்கிறவர்களுக்கு மேக்ஸ்232 சிப் உண்டு. 5 வோல்ட் சப்ளையை வைத்துக்கொண்டே சில கப்பாசிட்டர்களின் உதவியால் பிளஸ், மைனஸ் இரண்டையும் உண்டாக்கும், சிக்னலைத் தலைகீழாகவும் ஆக்கும்.

இன்றைக்கு இன்னொரு பொறி. "யுஎஸ்பி டு சீரியல்" என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு சாமான் விற்கிறது. 9 பின் கனெக்டரோடு வருவது பொதுவாக ஆர்எஸ்-232. வெறும் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன போர்டு டிடிஎல்.

யார் அனுப்புகிறார்?

எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரிடம் "இடது பக்கம் போ" என்று சொன்னால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஆர்எஸ்-232-இல் இந்தச் சண்டையே வரக்கூடாது என்று, எல்லாப் பெயரையும் கணினியின் பார்வையிலிருந்தே வைத்தார்கள். "அனுப்பு" என்று பெயரிட்ட பின்னில் கணினி அனுப்பும், மோடம் கேட்கும். அப்படியென்றால் நேர் கேபிள் போதும். இரண்டு பக்கமும் கணினி என்றால் கம்பியைக் குறுக்கே மாற்ற வேண்டும்.

ரேடியோ கணினியா, மோடமா? அது தயாரிப்பாளர் இஷ்டம். கென்வுட் டிஎஸ்-2000 மோடம் போல நடந்துகொள்ளும், நேர் கேபிள் போதும். வேறு ரேடியோவில் வேறு மாதிரி இருக்கலாம். போதாததற்கு, 25 பின்னில் கணினி அனுப்புவது 2-ஆம் பின். 1984-இல் ஐபிஎம் பிசி ஏடியோடு பரவிய 9 பின்னில் அனுப்புவது 3-ஆம் பின்.

மல்டிமீட்டர் சொல்லும்

யாரையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். இரண்டு கருவிகளையும் இணைக்காமல் தனித்தனியாக ஆன் செய்யுங்கள். 9 பின் கனெக்டரில் கருப்பு முனை 5-இல், சிவப்பு முனை முதலில் 2-இல், பிறகு 3-இல்.

- மைனஸ் 5 முதல் 12 வோல்ட் வரை காட்டினால் அது ஆர்எஸ்-232, அந்தப் பின்தான் அனுப்புகிறது. கேட்கும் பின் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.
- இரண்டு கருவியிலும் ஒரே எண் பின்னில் மைனஸ் வந்தால் குறுக்குக் கேபிள். வெவ்வேறு எண்ணில் வந்தால் நேர் கேபிள்.
- ஒரு பக்கம் பிளஸ் 5 அல்லது 3.3 வந்தால் டிடிஎல். வோல்ட் மாற்றி இல்லாமல் ஆர்எஸ்-232 போர்ட்டோடு இணைக்காதீர்கள். இதில் கேட்கும் பின்னும் 5 காட்டலாம், அதனால் எது எது என்பதற்கு மேனுவல்தான் கதி.

வட்டக் கனெக்டரில் இன்னும் கவனம் வேண்டும். எஃப்டி-857-இல் கேட் சிக்னல் இருக்கும் அதே சாக்கெட்டின் ஒரு பின்னில் 13.8 வோல்ட் சப்ளையும் இருக்கிறது. மீட்டர் முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னில் பட்டால் கதை முடிந்தது.

கடைசியாக ஒன்று. ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் கம்பியை ரேடியோவை ஒலிபரப்பில் தள்ளும் ஸ்விட்சாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மென்பொருள் போர்ட்டைத் திறந்த நொடியிலேயே அந்தக் கம்பிகள் உயரலாம். நீங்கள் எதையும் தொடாமலே ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிடும். முதல் சோதனையை ஆன்டெனாவில் செய்யாமல், டம்மி லோடில், பவரைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள்.

அந்தப் பாதி ரேடியோ இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அலைவரிசையைக் கையால்தான் திருப்புகிறேன். ஒவ்வொரு திருப்பலிலும், மல்டிமீட்டரை எடுக்கச் சோம்பல்பட்ட அந்த இரண்டு நிமிடம் ஞாபகம் வரும்.