கத்தோலிக்கத் திருச்சபையின் இரு வாயில்கள்

நம் சபைகளைச் சேர்ந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார் என்று கேள்விப்படும்போது, "அவருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்களா?" என்னும் வினாவே பெரும்பாலும் முதலில் எழுகிறது. நாம் பெற்ற திருமுழுக்கு அங்கே செல்லாததோ என்னும் ஐயம் அவ்வினாவில் ஒளிந்துள்ளது. வரலாற்றில் இதற்கு இடமில்லாமல் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாயிருந்த ஜான் ஹென்றி நியூமன், 1845 அக்டோபர் 9ஆம் நாள் லிட்டில்மோரில் கத்தோலிக்கராக ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, "இதற்குமுன் பெறாதிருந்தால்" என்னும் நிபந்தனையுடன் திருமுழுக்கு அளிக்கப்பெற்றார். அந்நாளில் இது பரவலான வழக்கம். முந்தைய கொள்கைப் பிழைகளை மறுத்துரைக்கும்படியும் அக்காலத்தில் கேட்டனர்.

இந்நிலையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மாற்றியது. கிறிஸ்துவில் விசுவாசம் கொண்டு முறையாகத் திருமுழுக்குப் பெற்றோர், முழுமையாக அல்லாவிடினும், கத்தோலிக்கத் திருச்சபையோடு உண்மையான உறவுடையோரே என்று 1964இல் வெளியான அதன் ஒன்றிப்பு ஏடு அறிவித்தது. 1972 ஜனவரி 6ஆம் நாள் வெளியிடப்பட்ட வயது வந்தோருக்கான சடங்குமுறையும் இதற்கிசைய இரு வாயில்களை வேறுபடுத்துகிறது.

முதலாவது, திருமுழுக்குப் பெறாதவருக்குரியது. ஆதித் திருச்சபையில் இத்தகையோர் நீண்டகாலம் ஆயத்தப்படுத்தப்பட்டனர். 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்னும் பண்டை நூல் மூன்றாண்டுகள் என்கிறது. ஆயினும் காலத்தைவிட நடத்தையையே கவனிக்குமாறு அதுவே கூறுவது சிந்திக்கத்தக்கது. அகுஸ்தீன் 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றதும் இத்தகைய ஆயத்தத்தின் முடிவிலேயே. குழந்தைத் திருமுழுக்கு பொதுவானபின் இவ்வொழுங்கு தேய்ந்துபோயிற்று. அதனை மீட்குமாறு சங்கம் 1963இல் பணித்தது.

இன்றைய முறையில், விசாரித்து வருபவரின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, அவரை ஆயத்தநிலையினராகச் சபை ஏற்கிறது. அன்றுமுதல் அவர் சபைக்கு அந்நியரல்லர். திருமுழுக்குக்கு முன் இறந்தாலும் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பேராயர் முன்னிலையில் அவருடைய பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டோருடன் சேர்க்கப்படுகிறது. அக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடன், லாசரு ஆகியோரின் வரலாறுகள் வாசிக்கப்பட, அவருக்காகச் சோதித்தறியும் மன்றாட்டுகள் நடைபெறுகின்றன. பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறுகிறார். நம் திருமுழுக்கு வகுப்புகள் சில வாரங்களில் முடிந்துவிடுவதை எண்ணும்போது, இவ்வொழுங்கைக் கண்டு சற்றே பொறாமைப்படத் தோன்றுகிறது.

இரண்டாவது வாயில், ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவருக்குரியது. தேவையானவற்றுக்கு மேலான பாரத்தைச் சுமத்தலாகாது என்னும் அப்போஸ்தலர் 15:28இன் கருத்தையே இம்முறை அடிப்படையாகக் கொள்கிறது. அவர் ஆயத்தநிலையினரல்லர். நிசேயா விசுவாச அறிக்கையைச் சொல்லி, கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதை ஏற்பதாக அறிக்கையிட்டு, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெறுகிறார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 869, திருமுழுக்கைப்பற்றித் தக்க ஐயமிருந்தாலொழிய நிபந்தனைத் திருமுழுக்கைத் தடுக்கிறது. ஆயினும் நம் பேராயர் கைவைத்து அளித்த திடப்படுத்தல் அங்கே அருட்சாதனமாகக் கொள்ளப்படுவதில்லை. இதனை நாம் எளிதில் ஏற்க இயலாது; மறைப்பதும் நேர்மையன்று.

திருமணத்திற்காகவே சேரவேண்டும் என்னும் எண்ணமும் தவறானது. கலப்புத் திருமணம்பற்றி 1970இல் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைப்படி, மற்றத் திருச்சபையார் மதம் மாறத் தேவையில்லை. அனுமதி பெறுதல் வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களிப்பவர் கத்தோலிக்கத் துணைவரே. இதை அறியாமல் மனச்சான்றுக்கு மாறாகச் சபை மாறுவோர் இரு சபைகளுக்கும் இழப்பே.

நம் பக்கத்திலும் குறையுண்டு. திருமுழுக்கு மீண்டும் அளிக்கத்தகாதது என்று 1982இன் லீமா ஏடு கூறியும், கத்தோலிக்கராயிருந்து வருவோருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுக்கும் சபைகள் உள. நம்மிடமிருந்து செல்வோரைப் பொறுத்தமட்டில், ஆயர்கள் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பதிவேட்டைப் பார்த்து, தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலும் திருமுழுக்கு அளிக்கப்பட்டதெனத் தெளிவாக எழுதிச் சான்றிதழ் தருதல் வேண்டும். சான்றில்லாத இடத்தில்தான் ஐயம் எழுகிறது. ஐயம் எழுந்த இடத்தில்தான் நிபந்தனைத் திருமுழுக்கு வருகிறது.