அப்ரண்டிஸ் பயிற்சி: கையெழுத்து போடுமுன்

டிப்ளமோ முடித்ததும் ஒரகடத்துக் கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நிற்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. இன்னொரு வழியும் இருக்கு: அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோது டிப்ளமோ படித்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. பயிற்சிக் காலம் ஓராண்டு. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

ஆனால் ஒன்று. சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். 'டிரெய்னி' என்று சொல்லிச் சேர்ப்பதெல்லாம் அப்ரண்டிஸ் ஆகாது. ஒப்பந்தம் பதிவாகுமா என்று முதலில் கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. சான்றிதழும் கைப்பழக்கமும் மட்டும் நம்மோடு வரும். அதனால் தினமும் கற்றதை நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்க வீட்டில் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. பல வீட்டிலும் இதே கதைதான். நாமே படிப்போம், பிறகு கையெழுத்திடுவோம்!