சிறு விபத்தும் நம் கடமையும்

கடலூர் மாவட்டத்தின் மங்களூர் வட்டாரத்தில், தொழுதூர் வழியே சென்னை – திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை ஏற்றிவரும் சரக்கு வாகனம் ஒன்றின் பின்புறத்தில், அச்சாலையில் மகிழுந்து ஒன்று மோதிவிட்டதாகக் கொள்வோம். பொம்மைகள் சில உடைகின்றன. சரக்கு வாகன ஓட்டுநரின் தோளில் சிறு அடி. கையில் சிறிது பணம் கொடுத்துவிட்டுப் பிரிந்து செல்லலாமா?

செல்லலாகாது. ஒருவர் காயமுற்றாலோ பிறர் உடைமை சேதமுற்றாலோ, ஓட்டுநர் ஆற்ற வேண்டிய கடமைகளை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு வரையறுக்கிறது. முதலாவது, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல். 108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வரும். இரண்டாவது, காவலர் அங்கு இல்லையெனில் இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்தல். மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து வடிவில் அறிவித்தல். காப்பீட்டு ஆவண எண், விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம், காயமுற்றோர் விவரம், ஓட்டுநரின் பெயர், உரிம விவரம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும்.

வாகனங்களை ஓரமாக நகர்த்தும் முன் ஒளிப்படம் எடுத்தலும், எதிர்வாகனத்தின் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுதலும் பின்னர்ச் சான்றாகும். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் பழுது நீக்குதல் இழப்பீட்டைச் சிக்கலாக்கும்.

காப்பீடு இருவகைப்படும். மூன்றாம் நபர் காப்பீடு, பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது. சட்டத்தின் 146ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. சொந்தச் சேதக் காப்பீடு உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. எனவே, தம் வாகனத்தில் விழுந்த சிறு கீறலுக்கு இழப்பீடு கோருவதா என்பதை உரிமையாளர் கணக்கிட்டு முடிவு செய்யலாம். பிறருக்கு நேர்ந்த காயத்தில் அத்தகைய கணக்கிற்கு இடமில்லை. அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும்.

சாலையோரத்தில் சிறிதாகத் தோன்றும் தோள்வலி, மறுநாள் எலும்பு முறிவெனத் தெரியவரலாம். அப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும் தொழிலாளிக்குக் காவல் நிலையப் பதிவே பெருந்துணை. அப்பதிவு இல்லையெனில், வேலைக்குச் செல்ல இயலாத நாள்களின் கூலியையும் மருத்துவச் செலவையும் அவர் தனியே சுமக்க நேரிடும். முன்பின் அறியாத அந்த மனிதரைக் காப்பதற்காகவே சட்டம் ஒவ்வொரு வாகனத்திற்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.