ஓய்விலிருக்கும் கணினியில் இறங்காத சுமை

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ‘அப்டைம்’ என்ற கட்டளையை இட்டால், சராசரிச் சுமை என்ற பெயரில் மூன்று எண்கள் தோன்றும். கடந்த 1, 5, 15 நிமிடங்களில் கணினி சுமந்த பளுவை அவை முறையே காட்டுகின்றன. எவரும் பயன்படுத்தாத லினக்ஸ் கணினி ஒன்றில், கணக்கீடுகளைச் செய்யும் மையச் செயலி ஏறத்தாழ முழு ஓய்வில் இருக்கையிலும், இந்த எண்கள் 3 என்றோ 4 என்றோ இறங்காமல் நிற்பதுண்டு. நச்சுநிரல் புகுந்துவிட்டதென அஞ்சிக் கணினியை அணைத்து மீண்டும் இயக்குவோர் பலர். அந்த எண் எதைக் கணக்கிடுகிறது என்பதை அறிந்தவருக்கோ அந்த அச்சம் தேவைப்படுவதில்லை.

1970-களில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் வழங்கிய காலத்தில், மையச் செயலியில் ஓடும் செயல்முறைகளையும், அதாவது இயக்கத்தில் உள்ள நிரல்களையும், அங்கே தம் முறைக்காகக் காத்திருப்பவற்றையுமே இந்த அளவு கணக்கிட்டது. லினக்ஸில் 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். வேகமான வட்டுக்குப் பதிலாக மெதுவான வட்டைப் பொருத்தினால் கணினி திணறும். ஆனால் செயல்முறைகள் வட்டின் விடைக்காக உறங்கிக் கிடப்பதால் சுமை எண் குறைந்துவிடும் என்பதே அவர் சுட்டிய முரண். அதன்பின், இடைமறிக்க முடியாத உறக்கம் எனப்படும் நிலையில் இருப்பவையும் லினக்ஸின் கணக்கில் சேர்ந்தன. நியாயமான திருத்தம்தான், எனினும் உழைப்பையும் காத்திருப்பையும் ஒரே எண்ணில் கலந்தது அது, இன்றைய குழப்பத்தின் வேரும் அதுவே.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது செயல்முறைகளின் நிலையை. ‘பிஎஸ்’ கட்டளை தரும் பட்டியலில், ஓடுபவற்றுக்கு ‘ஆர்’ என்ற எழுத்தும் மேற்சொன்ன உறக்கத்தில் இருப்பவற்றுக்கு ‘டி’ (D) என்ற எழுத்தும் குறியாக நிற்கும். சுமை 3 என்று அசையாமல் நிற்க, ‘டி’ குறியுடன் மூன்று செயல்முறைகள் தொடர்ந்து தென்பட்டால் காரணம் பிடிபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது அவை எதற்காகக் காத்திருக்கின்றன என்ற கேள்வி மட்டுமே. வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையில் இணைக்கப்பட்ட வழங்கி பதிலளிக்காமல் போயிருக்கலாம்; வட்டோ அதன் இணைப்புக் கம்பியோ பழுதாகி, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டிருக்கலாம். பின்னது என்றால் ‘டிமெஸேஜ்’ கட்டளை காட்டும் கெர்னல் பதிவுகளில் பிழைச் செய்திகள் வரிசையாகக் கிடக்கும், அப்போது தரவுகளைப் படியெடுப்பதே முதற்கடமை, சுமை எண் பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கது.

இந்த நிலையில் உள்ள செயல்முறையைக் ‘கில்’ கட்டளையின் கடுமையான வடிவத்தாலும் பெரும்பாலும் நிறுத்த இயலாது, ஏனெனில் அந்த ஆணை அது உறக்கத்திலிருந்து எழுந்த பின்னரே அதனைச் சென்றடையும். வழங்கியை மீட்பதோ, செயலற்ற இணைப்பைத் துண்டிப்பதோதான் வழி.

‘டி’ எதுவும் தென்படாவிட்டால், நொடிப்பொழுதில் தோன்றி மறையும் செயல்முறைகளை ஐயுற வேண்டும். தொடங்கியதும் தோற்று, உடனே மீண்டும் தொடங்கப்படும் சேவை ஒன்று, செயல்முறைகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் படமெடுக்கும் ‘டாப்’ கட்டளையின் திரையில் சிக்காமல் தப்பிவிடும். ஆனால் புதிய செயல்முறைகளுக்கு வழங்கப்படும் அடையாள எண் வேகமாக ஏறிச்செல்வது அதனைக் காட்டிக்கொடுக்கும்.

2018-இல் வெளியான லினக்ஸ் 4.20 பதிப்பு, மையச் செயலி, நினைவகம், உள்ளீடு-வெளியீடு ஆகிய மூன்றில் எதன் பற்றாக்குறையால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதைத் தனித்தனியே அளக்கும் வசதியைத் தந்தது. சுமை எண்ணால் சொல்ல இயலாததை அது சொல்கிறது. பழுதை நீக்கிய பின்னரும் பழைய எண் சற்று நேரம் நீடிப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முதல் எண் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 37 விழுக்காடாகச் சுருங்கும். மூன்றாவது எண் அதே அளவுக்கு இறங்க 15 நிமிடங்கள் ஆகும்.