தங்கவயல்

சவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கம் முன்னாளில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று அது திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். மழை பெய்தால் விளைச்சலும், பொய்த்தால் பஞ்சமும் காணும் நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காட்டிலிருந்து ஏழை உழவுத் தொழிலாளர் பலர் மேற்கே மைசூர் நாட்டுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் நிலமற்றோர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர். அவர்கள் சென்று சேர்ந்த இடமே கோலார் தங்கவயல்.

ஆங்கே பழங்காலத்திலேயே பொன் தோண்டினர். 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் குழுமத்தார் எந்திரங்களுடன் வந்தபின் தொழில் பெருகிற்று. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தனர். அந்நாளில் பெங்களூர் நகரத் தெருக்களில்கூட மின்விளக்கு இல்லை.

பொன் கட்டியாகக் கிடைப்பதன்று. பாறையினூடே ஓடும் வெண்ணிறக் கல்லில் கண்ணுக்குப் புலப்படாத் துகளாய் அது கலந்திருக்கும். தொழிலாளர் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, பாறையில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்து, அக்கல்லை மேலே அனுப்புவர். அதனை மாவாக இடித்துச் சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரிப்பர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையே அனலாய்ச் சுடும். குளிரூட்டிய காற்றைச் செலுத்தினாலன்றி மனிதர் நிற்கவியலாது. மேலுள்ள பாறையின் சுமையால் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அவ்வாறு மாண்டவர் பலர். உயிர் தப்பியவருள்ளும் கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டோர் பலர். பொன் எடுத்தவருக்குக் கிடைத்தது தட்டியும் தகரமும் வேய்ந்த ஒற்றையறை வீடு.

ஆயினும், அவ்வீடுகளின் நடுவே தமிழ் வாழ்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழுக்கு அங்கு வாசகர் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கமும் இயங்கிற்று. 1930-ஆம் ஆண்டில், கைரேகை பதிவு செய்யும் முறையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியிடம் எடுப்பதுபோலத் தம்மிடமும் ரேகை எடுப்பதா என்பது அவர் சினம்.

அச்சுரங்கங்கள் அறிவியலுக்கும் உதவின. மேலுள்ள பாறைத்திரள் பிற துகள்களைத் தடுத்துவிடுமாதலின், 1965-ஆம் ஆண்டில் அங்கே ஆழத்தில் கருவிகள் அமைத்து, விண்கதிர்களால் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். இந்திய, சப்பானிய அறிஞரோடு இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அப்பணியில் பங்குகொண்டனர்.

நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. கல்லில் பொன்னின் அளவு குறையக் குறைய, ஆழமும் செலவும் ஏறின. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின் மைய அரசுக்கு மாறின. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன.

டர்ஹாம் பகுதியிலும் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் பல. ஈசிங்டன் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அந்நாட்டில் கழிவுக் குன்றுகள் பலவற்றைச் சமன் செய்து புல்லும் மரமும் வளர்த்துள்ளனர். தங்கவயலிலோ, அரைத்த கல்லின் சாம்பல்நிற மேடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. ‘சயனைடு மேடு’ என்பது மக்கள் வழக்கு. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீடுகளுக்குள் புகுந்து சோற்றிலும் படிகின்றது. சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பிவிட்டது. வேலை போயிற்று, குடியிருந்த வீடோ நிறுவனத்தின் வீடு. நான்கு தலைமுறை வாழ்ந்தபின் அவர்கள் திரும்பிச் செல்ல வட ஆர்க்காட்டில் நிலமேது? ஊரை விட்டு நீங்காதவர் வேறு வழி கண்டனர். பொழுது புலரும் முன்னரே மாரிக்குப்பத்து நிலையத்தில் சோற்றுப்பாத்திரமும் பையுமாய் நிற்கின்றனர். தொடர்வண்டியேறிப் பெங்களூர் சென்று, கூலி வேலையும் காவல் வேலையும் கடை வேலையும் பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.